ஆப்ப சோடாவும் சிப்பி ஓடும்: சிக்லிட் தொட்டியில் பிஎச்சை ஏற்றி நிறுத்துவது எப்படி?

"அண்ணா, தொட்டியில பிஎச் 6.8 காட்டுது. மலாவி மீனுக்கு 8 வேணுமாமே, எத்தனை ஸ்பூன் ஆப்ப சோடா போடட்டும்?"

மாதத்துக்கு ஒருவராவது என்னிடம் இப்படிக் கேட்டுவிடுகிறார். நான் பதிலுக்கு இரண்டு கேள்வி கேட்பேன். கேஎச், அதாவது தண்ணீரில் அமிலத்தை அடக்கும் கார்பனேட் இருப்பு, எவ்வளவு? அம்மோனியா எவ்வளவு? பெரும்பாலும் மறுமுனையில் அமைதிதான். இந்த இரண்டு எண்ணும் தெரியாமல் ஸ்பூன் கணக்குப் பேசக்கூடாது என்பதை நான் ஐந்து மீன்களைப் பறிகொடுத்துத்தான் கற்றுக்கொண்டேன். அந்தக் கதை பின்னால் வரும்.

அதற்கு முன்னால், உங்கள் மீனுக்கு பிஎச்சை ஏற்றத்தான் வேண்டுமா என்று பார்த்துவிடுவோம். சிக்லிட் என்பது ஒரு பெரிய குடும்பத்தின் பெயர். ஏஞ்சல், டிஸ்கஸ், ஆஸ்கார் எல்லாம் இந்தக் குடும்பம்தான். நம் ஏரி குளங்களில் தூண்டில் போட்டால் முதலில் மாட்டுகிற ஜிலேபிக் கெண்டையும் சிக்லிட்தான். ஆப்பிரிக்காவைச் சேர்ந்த அந்த மீன் 1952-இல் இலங்கை வழியாக இந்தியாவுக்கு வந்து சேர்ந்தது. அதற்கு எந்தத் தண்ணீரும் சரி, சாக்கடைக் கலப்பும் சரி. டிஸ்கஸ் அமேசான் படுகையின் மென்மையான, சற்றே அமிலத் தண்ணீரில் பிறந்தது. அதற்கு பிஎச்சை ஏற்றினால் கெடுதல்தான். ஆஸ்காருக்கும் ஃபிளவர்ஹார்னுக்கும் சாதாரணக் குழாய்த் தண்ணீர் போதும், இதில் நேரம் செலவழிக்க வேண்டாம்.

இந்தக் கட்டுரை எலெக்ட்ரிக் எல்லோ, டெமசோனி, பீகாக் போன்ற மலாவி ஏரி மீன்களும், டிராஃபியஸ், ஃபிராண்டோசா போன்ற டாங்கனிக்கா ஏரி மீன்களும் வைத்திருப்பவர்களுக்கு.

இரண்டு ஏரிகளும் கிழக்கு ஆப்பிரிக்காவின் பிளவுப் பள்ளத்தாக்கில் இருக்கின்றன. மலாவி ஏரியின் ஆழம் சுமார் 700 மீட்டர். டாங்கனிக்கா 1,470 மீட்டர், உலகின் இரண்டாவது ஆழமான ஏரி. இவற்றுக்குள் வரும் தண்ணீரில் பெரும்பகுதி ஆவியாகித்தான் வெளியேறுகிறது. ஆற்றின் வழியாக வெளியே போவது கொஞ்சம்தான். ஆவியாகும்போது உப்புகள் ஏரியிலேயே தங்கிவிடுகின்றன. டாங்கனிக்காவுக்குக் கூடுதலாக ஒன்று உண்டு: எரிமலைப் பகுதியிலுள்ள கிவு ஏரியின் உப்பு மிகுந்த தண்ணீர் ருசிசி ஆறு வழியாக அதற்குள் வந்து விழுகிறது. அதனால்தான் இரண்டு ஏரிக்கும் அளவுகள் வேறு. மலாவியில் பிஎச் ஏறத்தாழ 7.7 முதல் 8.6 வரை, கேஎச் 6 முதல் 8 டிகிரி. டாங்கனிக்காவில் பிஎச் 8.6 முதல் 9.2 வரை, கேஎச் 16-ஐத் தாண்டும்.

இந்த எண்களைவிட முக்கியமானது, ஏரியில் அவை அசைவதே இல்லை என்பது. அவ்வளவு பெரிய தண்ணீர்ப் பரப்பு ஒரே இரவில் மாறாது. 200 லிட்டர் தொட்டி மாறும். அதிலும் நாம் ஸ்பூனோடு பக்கத்தில் நின்றால் கட்டாயம் மாறும்.

பிஎச் வேறு, கேஎச் வேறு

பிஎச் என்பது தண்ணீர் அமிலமா காரமா என்று சொல்லும் அளவு. 7 நடுநிலை, கீழே போனால் அமிலம், மேலே போனால் காரம். 1909-இல் கோபன்ஹேகனில் ஒரு பீர் ஆலையின் ஆய்வகத்தில் வேலை பார்த்த சோரன்சன் என்ற வேதியியலாளர் கொண்டுவந்த அளவுகோல் இது. இதில் ஒரு படி என்றால் பத்து மடங்கு. 7-க்கும் 8-க்கும் நடுவே இருப்பது 'ஒண்ணே ஒண்ணு' என்று நினைத்துவிடக்கூடாது. அமிலத்தின் அளவு பத்தில் ஒன்றாகக் குறைகிறது. மீனின் செவுளுக்கும் தோலுக்கும் அது பெரிய மாற்றம்.

கேஎச் என்பது தண்ணீரில் கரைந்திருக்கும் பைகார்பனேட், கார்பனேட் ஆகியவற்றின் இருப்பு. அமிலம் எப்போது வந்தாலும் அதைப் பிடித்து அடக்குவது இதுதான். பிளஸ் டூ வேதியியலில் 'தாங்கல் கரைசல்' என்று படித்திருப்பீர்களே, அதே சங்கதி. கையில் 10,000 ரூபாய் வைத்திருப்பவருக்கு 300 ரூபாய்ச் செலவு வந்தால் முகம் மாறாது. கையில் 300 ரூபாய்தான் இருக்கிறது என்றால் அதே செலவில் கதை முடிந்தது. கேஎச் அந்தக் கையிருப்பு. இருப்பு தீரும்வரை பிஎச் பெரிதாக அசையாது. தீர்ந்த அன்று தடாலென்று விழும்.

தொட்டியில் அமிலம் எங்கிருந்து வருகிறது? நாம் போடும் தீனியிலிருந்துதான். மீனின் கழிவும் மிஞ்சிய தீனியும் அம்மோனியாவாகின்றன. ஃபில்டரில் இருக்கும் பாக்டீரியா அதை நைட்ரேட்டாக மாற்றும்போது அமிலம் உண்டாகிறது. ஒரு கிராம் அம்மோனியா நைட்ரஜனை மாற்றி முடிக்க, சுண்ணாம்புக் கணக்கில் சொன்னால், ஏழு கிராமுக்கும் மேல் காரத்தன்மை செலவாகிறது. ஆக, ஃபில்டர் நன்றாக வேலை செய்யும் தொட்டியில்தான் கேஎச் நாள்தோறும் குறையும். 'என் ஃபில்டர் சூப்பர், தண்ணி கண்ணாடி மாதிரி இருக்கு, மாத்தவே வேண்டாம்' என்பவரின் தொட்டியில் பிஎச் விழுந்து கிடப்பதை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். ஊறிய மரக்கட்டை, அழகுக்குப் போட்ட பாதாம் இலை இவையும் தங்கள் பங்குக்கு அமிலம் விடும். மலாவி தொட்டியில் அவற்றுக்கு வேலை இல்லை, எடுத்துவிடுங்கள்.

இன்னொரு அமிலம் கார்பன் டை ஆக்சைடு. மீன் மூச்சு விடும்போது வருவது. தண்ணீரின் மேற்பரப்பு நன்றாகக் கலங்கினால் அது வெளியே போய்விடும், பிஎச் ஏறும். மேற்பரப்பு அசையாமல் கிடந்தால் உள்ளேயே தங்கி பிஎச்சைக் கீழே இழுக்கும். கேஎச் 7 டிகிரி உள்ள தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு லிட்டருக்கு 2 மில்லிகிராம் இருந்தால் பிஎச் 8.0 சொச்சம்; அதே தண்ணீரில் அது 10 மில்லிகிராமாக இருந்தால் 7.3. சோடா ஒரு சிட்டிகைகூடப் போடாமல், வெறும் காற்றுக்கல்லால் (பம்பிலிருந்து வரும் காற்றைக் குமிழ்களாக விடும் கல்) இவ்வளவு வித்தியாசம்.

போர் தண்ணீர் உபயோகிப்பவர்களுக்கு இது ரொம்ப முக்கியம். மோட்டாரைப் போட்டு அப்போதே பிடித்த போர் தண்ணீரில் கார்பன் டை ஆக்சைடு நிறைய இருக்கும். சோதித்தால் 7.0 காட்டும். பதறி சோடா டப்பாவைத் தேடாதீர்கள். ஒரு வாளியில் பிடித்து, காற்றுக்கல் போட்டு, ஒரு நாள் முழுக்க ஓடவிட்டு மறுபடி பாருங்கள். எங்கள் வீட்டு போர் தண்ணீர் காலையில் 7.1, மறுநாள் காலை 8.0. கேஎச் 9. அதாவது, அந்தத் தண்ணீருக்கு ஒன்றுமே செய்ய வேண்டியதில்லை. இது தெரியாமல் நான் ஆறு மாதம் சோடா போட்டுக்கொண்டிருந்தேன்.

ஐந்து எலெக்ட்ரிக் எல்லோ

சரி, அந்தக் கதை. போர் தண்ணீரின் குணம் தெரியவருவதற்கு முன்னால், வாடகை வீட்டில், ஆர்ஓ தண்ணீர் ஊற்றி ஒரு நாலடித் தொட்டி வைத்திருந்தேன். வேலை நெருக்கடி. இரண்டு மாதம் தண்ணீர் மாற்றவில்லை. தீனி மட்டும் தவறாமல் விழுந்தது. மீன்கள் கொஞ்சம் மந்தமாக இருந்தன, நிறம் வெளிறியிருந்தது, ஆனால் சாகவில்லை. ஒரு ஞாயிற்றுக்கிழமை பிஎச் பார்த்தேன்: 6.2. 'அடடா, இதுதான் காரணம்' என்று மூன்று பெரிய ஸ்பூன் ஆப்ப சோடாவை ஒரு குவளையில் கரைத்து மொத்தமாக ஊற்றினேன். ராத்திரிக்குள் பிஎச் 8-ஐத் தொட்டது. ரொம்ப சந்தோஷமாகப் படுத்தேன். காலையில் ஐந்து எலெக்ட்ரிக் எல்லோ அடியில் கிடந்தன. மீதி எல்லாம் மேலே வந்து வாயைத் திறந்து திறந்து மூடிக்கொண்டிருந்தன, செவுள் ரத்தச் சிவப்பு.

நடந்தது இதுதான். பிஎச் 6.5-க்குக் கீழே போனால் ஃபில்டர் பாக்டீரியா சோர்ந்துவிடும். 6-ஐ நெருங்கினால் கிட்டத்தட்ட வேலையை நிறுத்திவிடும். அம்மோனியா சேரத் தொடங்கும். ஆனால் அந்தக் குறைந்த பிஎச்சில் அது பெரும்பாலும் அம்மோனியம் என்ற வடிவில் இருக்கும். அது மீனை அவ்வளவாகத் தாக்காது. பிஎச் ஏற ஏற அதே அம்மோனியம் நச்சு அம்மோனியாவாக மாறுகிறது. 25 டிகிரி வெப்பத்தில், பிஎச் 7-இல் மொத்தத்தில் நூற்றுக்கு ஒன்றுகூட நச்சு வடிவில் இருக்காது. 8-இல் ஏறத்தாழ 5 சதவீதம். 8.5-இல் 15 சதவீதம். 9-இல் மூன்றில் ஒரு பங்குக்கும் மேல். நான் 6.2-இலிருந்து 8-க்கு ஏற்றியபோது, தொட்டியில் ஏற்கெனவே இருந்த அம்மோனியாவின் நஞ்சை ஒரே இரவில் கிட்டத்தட்ட 60 மடங்காக்கியிருக்கிறேன். புதிதாக நான் எந்த விஷமும் போடவில்லை. இருந்ததை எழுப்பிவிட்டேன்.

அதனால்தான் அம்மோனியா எவ்வளவு என்று முதலில் கேட்கிறேன். சோதனையில் அம்மோனியா பூஜ்யம் என்று வந்தால் மட்டுமே பிஎச்சைத் தொட வேண்டும். அம்மோனியா இருந்தால் சோடா வேண்டாம். தீனியை இரண்டு மூன்று நாள் நிறுத்துங்கள். தினம் 10 சதவீதம் தண்ணீர் மாற்றுங்கள். புதுத் தண்ணீரின் பிஎச் கூடுதலாக இருந்தாலும் பத்து சதவீதத்தில் பெரிய துள்ளல் வராது. அம்மோனியாவைக் கட்டிப்போடும் கண்டிஷனர் கடைகளில் கிடைக்கிறது, அதையும் சேர்த்துக்கொள்ளலாம். அம்மோனியா இறங்கிய பிறகுதான் மற்றதெல்லாம்.

எதை வைத்து அளப்பது

பட்டைக் காகிதம் வேண்டாம். சொட்டு மருந்து மாதிரி வரும் சோதனைப் பெட்டி வாங்குங்கள். பிஎச்சுக்கு 'ஹை ரேஞ்ச்' பாட்டில் தனியாக உண்டு. சாதாரண பாட்டில் 7.6-க்கு மேல் காட்டாது, எல்லாமே ஒரே நீலம். பேனா மாதிரி இருக்கும் டிஜிட்டல் பிஎச் மீட்டர் வசதியானதுதான், ஆனால் அதோடு வரும் சின்னப் பொட்டலப் பொடிகளைக் கரைத்து அவ்வப்போது சரிபார்க்காவிட்டால் அது சொல்வதை நம்ப முடியாது. வாங்கிய நாளிலிருந்து அந்தப் பொட்டலத்தைப் பிரிக்காதவர்கள் ஏராளம்.

கேஎச் சோதனை ரொம்ப எளிது, பார்க்கவும் அழகு. 5 மில்லி தொட்டித் தண்ணீரைக் குழாயில் எடுத்து ஒவ்வொரு சொட்டாக விட்டுக் குலுக்க வேண்டும். முதலில் நீலம். எந்தச் சொட்டில் மஞ்சளாகிறதோ அத்தனை டிகிரி. ஏழாவது சொட்டில் மாறினால் கேஎச் 7. என் செத்த மீன்களின் தொட்டியில் முதல் சொட்டிலேயே மஞ்சள். நீலத்தைக் கண்ணால் பார்க்கவே இல்லை.

ஏற்கெனவே தண்ணீரை ஆய்வகத்தில் சோதித்த அறிக்கை வீட்டில் இருந்தால் அதில் 'மொத்தக் காரத்தன்மை' என்று லிட்டருக்கு மில்லிகிராமில் போட்டிருப்பார்கள். அதை 17.9-ஆல் வகுத்தால் கேஎச் டிகிரி. 200 என்று இருந்தால் 11 டிகிரி. அருமையான மலாவி தண்ணீர். ஆனால் கரைந்த உப்புகளின் மொத்த அளவை மட்டும் காட்டும் டிடிஎஸ் மீட்டரை நீட்டிப் பார்த்துவிட்டு '400 இருக்கு, போதும்' என்று சொல்வதில் அர்த்தமில்லை. அந்த 400-இல் எவ்வளவு பைகார்பனேட், எவ்வளவு சாதா உப்பு என்று அந்தக் கருவிக்குத் தெரியாது.

இனி ஸ்பூன் கணக்கு

கேஎச்சை ஏற்ற ஆப்ப சோடாவே போதும். மளிகைக் கடையில் கிடைக்கும் அதே சமையல் சோடா, சோடியம் பைகார்பனேட். பெயர் மாறிவிடக்கூடாத இடங்கள் இரண்டு. பேக்கிங் பவுடர் என்பது வேறு. அதில் அமிலமும் மாவும் கலந்திருக்கும். சலவை சோடா என்பதும் வேறு. அது சோடியம் கார்பனேட், பிஎச்சை ஒரே தாவாக 10-க்கு மேல் கொண்டுபோகும். ஆப்ப சோடா கரைசலின் பிஎச் 8.3-ஐ ஒட்டியே நிற்கும் என்பதால் கை கொஞ்சம் தாராளமானாலும் அது அந்த அளவுக்குத் தாவாது.

ஒரு லிட்டர் தண்ணீரில் கேஎச் ஒரு டிகிரி ஏற 30 மில்லிகிராம் ஆப்ப சோடா வேண்டும். 100 லிட்டருக்கு 3 கிராம். மட்டமாக வழித்த ஒரு டீஸ்பூன் ஏறத்தாழ 5 கிராம் பிடிக்கும். சமையலறைத் தராசு இருந்தால் இன்னும் நல்லது.

தொட்டியில் எத்தனை லிட்டர் என்பதிலும் ஏமாறக்கூடாது. நாலடி நீளம், ஒன்றரை அடி அகலம், ஒன்றரை அடி உயரம் என்றால் கணக்குப்படி 240 லிட்டருக்கு மேல் வரும். ஆனால் மலாவி தொட்டியில் பாதி பாறைதானே? மணலும் கல்லும் போக, மேலே விட்ட இடைவெளி போக, 200 லிட்டர் என்று வைத்துக்கொள்ளுங்கள்.

இப்போது கேஎச் 2, அதை 7 ஆக்க வேண்டும். 5 டிகிரி ஏற்றம். 5-ஐ 6 கிராமால் பெருக்கினால் 30 கிராம். இந்த 30 கிராமை ஒரே நாளில் போடக்கூடாது. தினம் 5 கிராம், ஆறு நாள். ஒரு மக்கில் தொட்டித் தண்ணீரையே எடுத்து, சோடாவை முழுக்கக் கரைத்து, ஃபில்டர் தண்ணீர் விழும் இடத்தில் மெல்ல ஊற்றுங்கள். பொடியை நேரடியாகத் தூவினால் மீன் தீனி என்று நினைத்துப் பாய்ந்து வரும். மலாவி மீனுக்குப் பசி எப்போதும் உண்டு. மறுநாள் அதே நேரத்துக்கு பிஎச் பாருங்கள். ஒரு நாளில் 0.2 அல்லது 0.3-க்கு மேல் ஏறியிருந்தால் அடுத்த நாள் சோடாவுக்கு லீவு விடுங்கள்.

இலக்கை எட்டிய பிறகுதான் பலரும் தப்பு செய்கிறார்கள். வாரம் 50 லிட்டர் தண்ணீர் மாற்றுகிறீர்கள் என்றால், சோடா அந்த 50 லிட்டருக்கு மட்டும்தான். 200 லிட்டருக்கும் மறுபடி போடக்கூடாது. தண்ணீர் ஆவியாகும்போது சோடா ஆவியாவதில்லை, தொட்டியிலேயே இருக்கும். குழாய்த் தண்ணீரின் கேஎச் 3, தொட்டிக்கு 7 வேண்டும் என்றால், 50 லிட்டருக்கு 4 டிகிரி: 6 கிராம். ஒரு டீஸ்பூனும் இன்னும் ஒரு சிட்டிகையும். வாளியிலேயே கலந்து, குளோரின் நீக்கி, காற்றுக்கல் ஓடவிட்டு, பிறகு ஊற்றுங்கள். ஆவியான தண்ணீரை ஈடுகட்ட ஊற்றுவதில் சோடா சேர்க்கவே வேண்டாம்.

டாங்கனிக்கா வைத்திருப்பவர்களுக்கும் இதே வழிதான், கேஎச் இலக்கு மட்டும் 15, 16 என்று இருக்கும். அந்த அளவு கேஎச் இருந்து, மேற்பரப்பு நன்றாகக் கலங்கினால், பிஎச் தானாகவே 8.6 பக்கம் போய் நிற்கும். அதற்கென்று தனி மருந்து தேவையில்லை.

சிப்பி ஓடு

சோடா நாம் போட்டால்தான் உண்டு. நாம் ஊருக்குப் போன வாரத்தில் யார் போடுவது? அதற்குத்தான் சிப்பி ஓடு. கோழித் தீனிக் கடைகளில் சிப்பித் தூள் என்று கிலோ கணக்கில் கிடைக்கும். கடற்கரையில் பொறுக்கிய கிளிஞ்சலும் ஆகும், நன்றாகக் கழுவி ஊறவைத்து உப்புப் போக்கிய பிறகு. இதில் இருப்பது கால்சியம் கார்பனேட். தண்ணீர் அமிலமாக அமிலமாக வேகமாகக் கரையும். பிஎச் 8-ஐ நெருங்க நெருங்கக் கரைவது கிட்டத்தட்ட நின்றுவிடும். யாரும் சொல்லாமலே தேவைக்கு மட்டும் வேலை செய்கிற ஆள். அளவு கூடிவிடுமோ என்ற பயமே கிடையாது.

200 லிட்டர் தொட்டிக்கு அரைக் கிலோவை வலைப் பையில் கட்டி (பழைய காலுறைகூடப் போதும்), ஃபில்டரில் தண்ணீர் ஓடும் பாதையில் வையுங்கள். தொட்டி அடியில் பரப்பினாலும் பலன் உண்டு, ஆனால் தண்ணீர் ஊடுருவி ஓடாததால் மெதுவாகத்தான் வேலை செய்யும். பையை மாதம் ஒருமுறை தொட்டித் தண்ணீரிலேயே அலசுங்கள். மேலே வழவழவென்று பாசி பிடித்தால் கரைவது குறைந்துவிடும். சிப்பி ஓட்டை மட்டும் நம்பி கேஎச்சை 2-இலிருந்து 7-க்குக் கொண்டுபோக நினைத்தால் வாரக்கணக்கில் காத்திருக்க வேண்டும், அப்போதும் எட்டாமல் போகலாம். ஏற்றுவதற்கு சோடா, விழாமல் பிடித்துக்கொள்ள சிப்பி. என் தொட்டியில் அப்படித்தான் ஓடுகிறது.

சில கடைகளில் 'கோரல் சிப்ஸ்' என்று பவளப் பாறைத் துண்டுகளைக் காட்டுவார்கள். வேலை செய்யும், மறுக்கவில்லை. ஆனால் இந்தியாவில் பவளப் பாறைகள் வனவிலங்குப் பாதுகாப்புச் சட்டத்தின் முதல் அட்டவணையில் இருக்கின்றன. மன்னார் வளைகுடாவில் சுண்ணாம்புக்காக வெட்டி வெட்டியே ஒரு காலத்தில் பவளத் திட்டுகள் அழிந்தன. சிப்பி ஓடே அந்த வேலையைச் செய்யும்போது அது எதற்கு?

பாறைகளிலும் சுண்ணாம்புக்கல் இருந்தால் அது ஒரு கூடுதல் துணை. கல்லின் மேல் எலுமிச்சைச் சாறோ வினிகரோ விட்டுப் பாருங்கள், நுரைத்தால் சுண்ணாம்புச் சத்து உண்டு. கருங்கல், கிரானைட் நுரைக்காது. அவை அழகுக்கு மட்டும்.

வெற்றிலைக்குப் போடும் சுண்ணாம்பைக் கரைத்து ஊற்றலாமா என்று ஒரு பெரியவர் கேட்டார். அவர் கிணற்றில் சுண்ணாம்பு போட்ட காலத்து மனிதர். அது நீற்றிய சுண்ணாம்பு. முழுதும் கரைந்த சுண்ணாம்புத் தெளிவுக்கே பிஎச் 12-க்கு மேல். கிணற்றுக்குச் சரி, மீன் உள்ள தொட்டிக்குக் கூடவே கூடாது.

'பிஎச் அப்' பாட்டில்களைப் பற்றியும் கேட்பீர்கள். "ரெண்டு மூடி ஊத்துங்க சார், உடனே ஏறிடும்" என்று கடையில் சொல்வது உண்மைதான், உடனே ஏறும். கேஎச் இல்லாத தண்ணீரில் இரண்டு நாளில் இறங்கியும் விடும். மறுபடி இரண்டு மூடி, மறுபடி இறக்கம். மீன் இந்த ஊஞ்சலில் ஆடுவதைவிட நிலையான 7.4-இல் நிம்மதியாக இருக்கும். சென்னை கொளத்தூர்க் கடைகளில் நாம் வாங்கும் மலாவி மீன்கள் பெரும்பாலும் பண்ணையில் பிறந்தவை, ஏரியையே பார்த்ததில்லை. 7.6-இல் அசையாமல் நிற்கும் தொட்டியில் அவை வாயில் முட்டை சுமந்து குஞ்சு பொரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். 8.2 வேண்டும் என்று மல்லுக்கட்ட வேண்டியதில்லை.

ஆர்ஓ தண்ணீர் விஷயம்

வீட்டில் ஆர்ஓ இருக்கிறது, சுத்தமான தண்ணீர்தானே, மீனுக்கும் அதுவே நல்லது என்று ஊற்றுகிறார்கள். டிஸ்கஸுக்கு நல்லது. மலாவி மீனுக்கு அது வெறும் பாத்திரம். கேஎச் கிட்டத்தட்ட பூஜ்யம். அதைத் தனியாகப் பயன்படுத்தினால் 100 லிட்டருக்கு 21 கிராம் ஆப்ப சோடா போட்டுத்தான் கேஎச் 7-ஐத் தொட வேண்டும், அதுவும் தண்ணீர் மாற்றும் ஒவ்வொரு முறையும் அதே விகிதத்தில். சோடா கேஎச்சை மட்டும்தான் ஏற்றும். மீனுக்கு வேண்டிய கால்சியமும் மெக்னீசியமும் அதில் இல்லை. அவற்றின் அளவுக்கு ஜிஎச் என்று பெயர். மருந்துக் கடையில் கிடைக்கும் எப்சம் உப்பு மெக்னீசியம் தரும்: 100 லிட்டருக்கு நாலரை கிராம் போட்டால் ஜிஎச் ஒரு டிகிரி ஏறும். இரண்டு டிகிரிக்கு மேல் அதை வைத்து ஏற்ற வேண்டாம், மீதி கால்சியமாக இருக்கட்டும். அதை சிப்பி ஓடு மெல்லக் கொடுக்கும்.

இத்தனை வேலையைவிட, போர் தண்ணீரையும் ஆர்ஓ தண்ணீரையும் பாதிக்குப் பாதி கலப்பது எளிது. போர் தண்ணீரின் கேஎச் 14 என்றால் கலவையில் 7. ரொம்ப உப்பாக, வாயில் வைக்க முடியாதபடி இருக்கும் போர் தண்ணீராக இருந்தால் இது சரிப்படாது. அப்போது ஆர்ஓவும் சோடாவும்தான்.

புது மீன் வரும்போது

கடைத் தண்ணீர் 7.0, உங்கள் தொட்டி 8.2 என்றால் பையை அரை மணி நேரம் மிதக்கவிட்டு உடனே திறந்து விடுவது போதாது. மீனைப் பைத் தண்ணீரோடு ஒரு வாளியில் விட்டு, மெல்லிய காற்றுக் குழாயில் ஒரு முடிச்சுப் போட்டு, தொட்டியிலிருந்து வாளிக்குச் சொட்டுச் சொட்டாக விழும்படி வையுங்கள். நொடிக்கு இரண்டு மூன்று சொட்டு. வாளித் தண்ணீர் மூன்று மடங்கானதும் மீனை மட்டும் வலையில் எடுத்து விடுங்கள்; வாளித் தண்ணீரைக் கீழே ஊற்றிவிடலாம். வெளியூரிலிருந்து பார்சலில் நெடுநேரம் பையிலேயே கிடந்து வந்த மீன் என்றால் இப்படிச் சொட்டவிடக்கூடாது. பையில் சேர்ந்த அம்மோனியா, பிஎச் ஏறியதும் முன்பு சொன்னபடி விழித்துக்கொள்ளும். அந்த மீனுக்கு, பைத் தண்ணீரின் பிஎச்சுக்கு ஒத்த தண்ணீரை ஒரு தனிச் சின்னத் தொட்டியில் முன்கூட்டியே தயார் செய்து அதில் விடுங்கள். அப்புறம் ஒரு வாரத்தில் மெல்ல ஏற்றிக்கொள்ளலாம்.

இப்போது என் தொட்டியில் விடிகாலையில் பிஎச் 7.9, விளக்கு எரியும் மாலையில் 8.1. பாசி பகலில் கார்பன் டை ஆக்சைடை இழுத்துக்கொள்வதால் வரும் இந்த ஏற்ற இறக்கம் இயல்பானது. அதைச் சரிசெய்ய எதுவும் போட வேண்டாம். பிஎச் பாட்டிலை இப்போதெல்லாம் மாதம் ஒருமுறைதான் எடுக்கிறேன். ஞாயிறு காலையில் தண்ணீர் மாற்றுவதற்கு முன் கேஎச் சொட்டு எண்ணுவதோடு சரி. ஏழாவது சொட்டில் மஞ்சளானால் வழக்கமான வாளி. ஐந்தாவது சொட்டிலேயே மாறினால் தீனி கூடியிருக்கிறது என்று அர்த்தம்; வீட்டில் குழந்தைகளிடம் விசாரித்தால் யார் கூடுதலாகப் போட்டது என்று தெரிந்துவிடும்.